நான் மீன் தின்னவில்லை

அனுப்புநர்:
தனக்கொடி, க/பெ கலியமூர்த்தி,
மாரியம்மன் கோயில் தெரு,
வைத்திக்குப்பம், புதுச்சேரி.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
நலவழித்துறை, புதுச்சேரி.

பொருள்: வெண்சங்கு மருத்துவமனை மருத்துவர் விஜயராகவன் தன் தவறை மறைக்க என்மேல் பழி எழுதியது, அதை நீக்கி எனக்கு மறுசோதனை செய்ய உத்தரவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவள். இடது மார்பில் புற்றுநோய். மார்பை எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது. அப்படியும் நோய் எலும்புக்குப் போய்விட்டது. இனிக் கொடுக்க மருந்தில்லை என்ற பிறகுதான் வெண்சங்கு மருத்துவமனையின் ஆராய்ச்சியில் சேர்த்தார்கள்.

2. பால் கொடுக்கும் தாயின் மார்பு, பிள்ளைக்காக உடம்பிலுள்ள அயோடினை இழுத்துக்கொள்ளுமாம். சிலருடைய மார்புப் புற்றும், பரவிய இடத்தில்கூட, அப்படியே இழுக்குமாம். என்னுடையது இழுக்கிறதா என்று படம் எடுத்துப் பார்ப்பார்கள். இழுத்தால், கதிர்வீச்சுள்ள அயோடினைக் குடிக்கக் கொடுத்து நோயை உள்ளேயே கருக்கிப் பார்க்கலாம். இழுக்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம். இதையெல்லாம் மருத்துவர் விஜயராகவன் பொறுமையாகவே சொன்னார், இல்லையென்று சொல்லமாட்டேன்.

3. படத்துக்கு முன் உடம்பில் வேறு அயோடின் சேரக்கூடாதென்று இரண்டு வாரம் கடல்மீன், பாக்கெட் உப்பு, முட்டை, பால் எல்லாவற்றையும் விலக்கச் சொன்னார். குப்பத்தில் பிறந்தவளுக்கு மீனில்லாத சோறு எப்படி இறங்கும்? வாய் தடுமாறிவிடக்கூடாதென்று, திருவிழாவுக்குக் கட்டுவதுபோல மாரியம்மன் கோயிலில் காப்பு கட்டிக்கொண்டேன். காப்பு கட்டிய வீட்டில் மீன்சட்டி அடுப்பில் ஏறாது. என் புருஷனும் மாமியார் ஆயம்மாவும் எனக்காக ரசத்தோடு கிடந்தார்கள். நான் பகலெல்லாம் வஞ்சிரம் அரிந்து விற்றுவிட்டு, வீட்டுக்கு வந்து கத்தரிக்காய் தின்றேன்.

4. படம் எடுத்தார்கள். யாருக்கும் அயோடினை இழுத்துப் படத்தில் தெரியவேண்டிய கழுத்துச் சுரப்பிகூட என் படத்தில் தெரியவில்லை. அங்கிருந்த சிஸ்டர், போட்டதும் உடம்பு சுடுகிற ஊசி ஏதும் போட்டார்களா என்று கேட்டார். போன வாரம் சி.டி. ஸ்கேனுக்குப் போட்டார்கள், விஜயராகவன் ஐயாதான் எழுதிக் கொடுத்தார் என்றேன். சிஸ்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்த ஊசி மருந்தே அயோடின்தானாம், உடம்பு அதிலேயே நிரம்பிவிட்டால் படத்தில் ஒன்றும் தெரியாதாம். உள்ளே போய் அவரிடம் சொன்னார். அந்த சிஸ்டர் பெயரை இங்கே எழுதமாட்டேன், அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

5. வெளியே வந்த மருத்துவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நோயாளி தடையை மீறி மீன் உண்டதால் ஆய்விலிருந்து நீக்கப்படுகிறார் என்று எழுதினார். மீன்காரி மீனை விடுவாளா என்று மாணவர்களிடம் கேட்டார். சிரித்தார்கள். என் புருஷன் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

6. அன்றுமுதல் குப்பத்தில் நான் காப்போடு மீன் தின்றவள். வலையில் ஒன்றும் படாவிட்டால் என்னைச் சொல்கிறார்கள். கூடையைத் தலையில் ஏற்றிவிட ஒருத்தி வருவதில்லை. புருஷன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மாமியார் வஞ்சிரக் குழம்பு வைத்து, என் தட்டில் ஒரு துண்டைப் போட்டு, திருட்டுத்தனமா தின்னவதானே, இப்ப எதிர்லயே தின்னு, சாவப் போறவளுக்கு என்னா விரதம் என்றார். வயிறு எரிகிறது ஐயா. ஆனாலும் அந்த அம்மாள்மேல் புகார் இல்லை. படித்தவர் எழுதினால் மெய்யென்று நம்புகிறவர் அவர்.

7. ஊசி மருந்து உடம்பைவிட்டுக் கழிய ஒன்றிரண்டு மாதம் ஆகுமாம். அதுவரை நான் இருந்தால், மறுபடி படம் எடுக்கத் தாங்கள் உத்தரவிட வேண்டும். என் நோய் அயோடினை இழுக்காமலும் போகலாம், அது என் விதி. ஆனால் பார்க்காமலே என்னைத் துரத்தியது விதியல்ல, விஜயராகவன். மீன் தின்றதாக எழுதிய வரியை அவர் தன் கையாலேயே, என் புருஷன் முன்னால், கோடு போட்டு அடிக்க வேண்டும். ஒரு துண்டு மீனுக்காகச் செத்தாள் என்ற பேரோடு நான் போகக்கூடாது.

மாமியார் போட்ட துண்டை நான் தொடவில்லை, பூனைக்குப் போட்டேன். காப்பை இன்னும் அவிழ்க்கவில்லை. இன்றும் எனக்குக் கல்லுப்பும் கத்தரிக்காயும்தான். எந்த நாள் கூப்பிட்டாலும் அன்றே வந்து படுக்கத் தயாராக இருக்கிறேன்.

இடம்: வைத்திக்குப்பம்
நாள்: 14.07.2006

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) தனக்கொடி