போர்வைக்குப் பின்னால் கேட்ட சத்தம்

மார்ச் 3, திங்கள்

நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான். "இந்தப் பொண்ணு பேசுறது அங்க ஒருத்தருக்கும் கேக்காது பாரு" என்று போன வாரமே தங்கச்சியிடம் சொன்னேன். இன்று ஆன்லைன் ஒத்திகையில் அப்படியே ஆயிற்று. தங்கச்சி மகள் (இருபத்தாறு வயதாகியும் எனக்கு அவள் வாலுதான்) கம்ப்யூட்டர் முன்னால் அரை மணி நேரம் தொண்டை கிழியப் பேசினாள். "கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு" என்றாராம் அவளுடைய மேலதிகாரி அம்மா. பதினான்காம் தேதி கம்பெனிப் பெரியவர்கள் முன்னால் இதே பேச்சு. நன்றாக அமைந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மாதக் கடைசியோடு சரி.

"மாமா நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன். ஒன்பதாம் வகுப்பைத் தாண்டாதவன்தான். ஆனால் மைக் செட் கடையில் பதினோரு வருஷம். ஒரு லட்சம் பேர் கூடிய மைதானத்தில் கடைசி வரிசைக் கிழவருக்கும் காது குளிரக் கேட்க வைத்தவன். ஒரு லட்சம் இல்லாவிட்டாலும் நாலாயிரம் இருக்கும்.

மார்ச் 5

வெறும் சுவர் குரலைத் திருப்பி அடிக்கிறது. அதுதான் கிணறு. வாலு அறையில் மூன்று சுவரிலும் பஞ்சுப் போர்வை தொங்கவிட்டேன். ஏசி பிளக் இருக்கும் சுவரும் மூடியாயிற்று. ஜன்னல் இடுக்கில் துணி, கதவடியில் துண்டு. மைக் வாய்க்கு நேராக இல்லாமல் ஒரு சாண் தள்ளி, தாடைப் பக்கம். ஃபேன் கூடாது, ஏசி மட்டும்.

"ரூமா இது, மெத்தைக் கடையா மாமா?" என்றாள். பதிவைப் போட்டுக் காட்டினேன். இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

மார்ச் 7

ஒரு சத்தம். அறை அடங்கிய பிறகுதான் தெரிகிறது. உர்ர் என்று, அவள் பேச்சுக்கு அடியில்.

மார்ச் 8

ஏசியை அணைத்தால் நிற்கிறது. போட்டால் ஒரு நிமிஷத்தில் வருகிறது. ஏசியிலிருந்து இல்லை, போர்வைக்குப் பின்னால், பிளக் பக்கம். கை வைத்தேன். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரிச் சூடு.

"உறுமுச்சுன்னா மொதல்ல மெயினை அணைடா, அப்புறம் யோசி" என்பார் மைக் செட் முதலாளி. எனக்கு ஏன் இப்போது அவர் ஞாபகம்?

தங்கச்சி காதிலும் அந்த உர்ர் விழுந்துவிட்டது. "கரண்டுக்காரரைக் கூப்பிடுண்ணே."

"என்னை விடப் பெரிய கரண்டுக்காரனா?"

அவள் சிரிக்கவில்லை. "கூப்பிடு."

மார்ச் 10

கரண்டுக்காரர் வந்தார். வீட்டில் யாரும் இல்லாத நேரம். ஆறடி ஆள், முன்பல் ஒன்று தங்கம். பிளக்கைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். "ஏசின்னா உறுமத்தான் செய்யும், பயப்படாதீங்க" என்றார். என் போர்வை வேலையைப் பார்த்து, "இந்த மாதிரி ஒரு செட்டப்பை நான் எங்கயும் பாத்ததில்லை" என்றார். டீ கூட வேண்டாம் என்று போய்விட்டார்.

தங்கச்சியிடம் அப்படியே சொன்னேன். இரண்டு நாளைக்குப் பிறகு அவள் முகம் தெளிந்தது.

மார்ச் 12

மீட்டிங் ஆப்பில் பின்னணிச் சத்தத்தை நீக்க ஒரு வசதி இருக்கிறது. அதை முழுக்க ஏற்றிவிட்டேன். உர்ர் போன இடம் தெரியவில்லை. "மாமா, நீ மந்திரவாதி" என்றாள்.

பதிவில்தான் போயிற்று. அறையில் இருக்கிறது. முன்னைவிட உரக்க. கூடவே பிளாஸ்டிக் வாடை. புதுப் போர்வை வாடையாக இருக்கும்.

புதுசா? அது ஆறு வருஷப் போர்வை.

மார்ச் 13

"ஏசி இல்லாமப் பேசிடேன்" என்றேன், போகிற போக்கில் சொல்வதுபோல.

"எல்லாத்தையும் அடைச்சு வச்சுட்டு ஏசியும் வேணாமா? வெந்துடுவேன் மாமா. அதான் அவர் பாத்துட்டாரே?"

"பாத்துட்டார்" என்றேன்.

மார்ச் 14

எழுத முடியவில்லை.

மார்ச் 17

வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பேச்சின் பதினெட்டாவது நிமிஷம் போர்வை தீப்பிடித்துக்கொண்டது. வாலுவுக்குக் காதில் ஹெட்போன், கண் திரையில். வாடை வந்ததாம், இரண்டு மூன்று நாளாய்ப் பழகிய வாடைதானே என்று பேசிக்கொண்டே போயிருக்கிறாள். நான் செருகிய துண்டு புகையை வெளியே விடவில்லை. அவள் கத்திய பிறகுதான் தங்கச்சி ஓடினாள். வெறுங்கையால் போர்வையை இழுத்துப் போட்டாள். இரண்டு உள்ளங்கையும் வெந்துவிட்டது. வாலுவுக்குக் கழுத்தும் தோளும்.

மேலதிகாரி அம்மா வந்து பார்த்தார். "குரல் கடைசி வரைக்கும் அவ்வளவு தெளிவு. நெருப்புச் சத்தம் எங்களுக்கு வரவே இல்லை. இவ கத்தினது மட்டும்தான் வந்துச்சு" என்றார். வேலை நிரந்தரமாம். வாலு கேட்டுக்கொண்டாள். தலையை அசைக்க முடியாது.

மார்ச் 19

"அந்தத் தங்கப்பல்காரன் நம்பரைக் கொடுண்ணே. அவனை நான் ஒரே ஒரு வார்த்தை கேக்கணும்." தங்கச்சி, கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு.

நம்பர் தொலைந்துவிட்டது என்றேன். வீட்டுச் சொந்தக்காரர் புகார் கொடுக்கப் போகிறார். அடையாளத்தை எழுதச் சொல்லிப் பேனாவும் தாளும் நீட்டினார். ஆறடி என்று எழுதினேன். தங்கப்பல் என்று எழுதினேன். என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார்.

சாயந்திரம் போன் செய்தார். பின்தெருவில் தங்கப்பல் வைத்த கரண்டுக்காரர் ஒருவர் இருக்கிறாராம். "ஆளைப் பிடிச்சாச்சு. காலைல கூட்டிட்டு வர்றோம், நீங்க பாத்து ஆமான்னு சொன்னாப் போதும்."

மார்ச் 20

இன்னும் அரை மணியில் அவரைக் கூட்டி வருவார்கள். அதற்குள் தங்கச்சி கட்டிலுக்குப் போக வேண்டும். என்ன சொல்வது என்று இங்கே ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன்.

நான் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் போர்வையை எடு என்றுதான் முதலில் சொல்லியிருப்பார். அன்று மத்தியானம் முழுக்க அந்த அறையில் தனியாக உட்கார்ந்து உர்ரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பத்தாம் தேதி வீட்டுக்கு யாரும் வரவில்லை.