கழுத்துக் குழாயில் ஒரு கோடு

புரட்டாசி, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம். வேங்கிக்காலில் பஸ் நிற்கவில்லை. ஆட்டோவில் பாலிடெக்னிக்.

லேபில் இரண்டாம் வருட மாணவர்களுக்கு ஜெர்மன் சில்வர் பாடம். செம்பு, நிக்கல், துத்தநாகம். பெயரில்தான் வெள்ளி. சூடாக்கி ஆறவிட்ட தகடு, இயந்திரத்தில் மாட்டி இழுத்தபோது நன்றாக நீண்ட பிறகுதான் அறுந்தது. இன்னொன்றைக் கையாலேயே வளைத்துக் காட்டினேன். முதலில் மிருது. வளைக்க வளைக்க விறைப்பு. பிறகு பட்டென்று ஒடிந்தது. திரும்பச் சூடாக்கினால் மிருதுவாகுமா என்று ஒரு மாணவி கேட்டாள். ஆகும், விரிசல் விட்டிருந்தால் மட்டும் அது போகாது என்றேன். எழுதிக்கொண்டாள்.

வாங்க வேண்டியது: பஞ்சு, கழுத்து நாடா, ரவை.

செவ்வாய்

மேகமூட்டம். காலை ஆறரை. வீட்டுக்காரரின் கழுத்துக் குழாயிலிருந்து உள்குழலை எடுத்துக் கழுவினேன். தொண்டையில் புற்று, கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள், பிறகு மூச்சு அடைத்தது, கழுத்தில் துளை. எட்டு மாதமாகிறது. குழாய் இரண்டு அடுக்கு. வெளிக்குழாய் அப்படியே இருக்கும். உள்ளே போகும் குழலைத் தினமும் எடுத்துக் கழுவ வேண்டும். அதுவும் ஜெர்மன் சில்வர்தான்.

இன்று பற்றவைத்த இடத்தில் மயிரிழைக் கோடு. நகத்தால் தடவினேன். தட்டியது. கீறல் இல்லை, விரிசல்.

மாற்றுக் குழல் பீரோவில் இருக்கிறது. எடுக்கவில்லை. அதையே திரும்பப் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

பயம் இல்லை. கோபமும் இல்லை. கீழ்பென்னாத்தூர் லைனில் வேன் ஓட்டியவர். அந்தக் குரல் தெருமுனை வரை கேட்கும். இருபது வருடம் கேட்டேன். என் இடது புருவத்தில் அவர் எறிந்த டம்ளரின் தழும்பு. அதையெல்லாம் நினைத்தேன் என்றும் சொல்ல முடியாது. மூன்று வகுப்பு எடுத்தேன். மதியம் தயிர்சாதம்.

சாயங்காலம் வீட்டுக்கதவைத் திறக்கும்போது ஒரு நிமிடம் நின்றேன். உள்ளே டிவி. இருமல்.

சரி.

புதன்

மழை இல்லை. வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கழுத்தை நீட்டினார். 

பழையதை எடுத்தேன். பீரோவிலிருந்த மாற்றுக் குழலைப் போட்டேன். குழாயில் கோடு விழுந்திருக்கிறது, நாளைக்கு ஆஸ்பத்திரி என்றேன். தலையாட்டினார்.

லேபில் அந்தக் குழலுக்கு, விரிசலைக் காட்டும் சிவப்புச் சாயம் பூசி, துடைத்து, மேலே வெள்ளைப் பொடி அடித்தேன். பத்து நிமிடத்தில் பாதிச் சுற்றுக்குச் சிவப்புக் கோடு. லேசாக அழுத்தினேன். இரண்டாக வந்துவிட்டது. அட்டெண்டர் குமார், இது எங்கே இருந்தது மேடம் என்று கேட்டார். வீட்டில் என்றேன்.

வியாழன்

வெயில். ஆஸ்பத்திரி. டாக்டர் இரண்டு துண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"நல்லவேளை பாத்தீங்கம்மா. உள்ள ஒடிஞ்சி விழுந்திருந்தா மூச்சுக்குழல்ல போயி அடைச்சிருக்கும்."

புதுசு மாட்டி, மாற்றுக்கும் எழுதிக் கொடுத்தார். ஆட்டோவில் அவர் துளையை விரலால் மூடினார். மூடினால்தான் பேச்சு வரும்.

"எப்போ பாத்த?"

"செவ்வாக்கெழம காலைல."

"மாத்துனது?"

"நேத்து."

விரலை எடுத்துவிட்டார். 

சாப்பாடு: இட்லி. அவருக்கு ரவைக் கஞ்சி. முழுசும் குடித்தார்.

வெள்ளி

வெயில். நான் எழுந்தபோதே அவர் கண்ணாடி முன்னால் நின்றிருந்தார். துளையை மூடிக்கொண்டு, எனக்குச் சொல்லிக்கொடு, நானே கழுவிக்கொள்கிறேன் என்றார்.

எப்படித் திருப்புவது, எவ்வளவு அழுத்துவது, எல்லாம் காட்டினேன்.  நான்கு தடவை வழுக்கி, ஐந்தாவதில் உட்கார்ந்தது. முகம் முழுக்க வியர்வை. துண்டு கொடுத்தேன். துடைத்துவிட்டுத் துளையை மூடினார்.

"ஏன்னு கேக்கமாட்டேன், மல்லிகா. எனக்குத் தெரியும்."

துண்டை வாங்கிக் கொடியில் போட்டேன். எட்டேகால் பஸ்.