செல்விக்கு அனுப்பிய வளையல் சத்தம்

1999

ஐப்பசி 4, வியாழன்

விடிந்ததிலிருந்து தூறல். மலை தெரியவில்லை. மாடியில் காய்ந்த வடகத்தை உள்ளே எடுத்தாயிற்று, பாதி நமத்துப் போச்சு.

நேற்று மகள் செல்வி அமெரிக்காவிலிருந்து பேசியது காதிலேயே நிற்கிறது. அவளுக்கு ஒன்பதாம் மாதம். எனக்கு விசா கிடையாது என்று மெட்ராசில் சொல்லிவிட்டார்கள். அங்கே வளைகாப்பு போட யார் இருக்கிறார்கள்?

"எம்மா, வளையல் சத்தம் வயித்துப் பிள்ளைக்குக் கேக்கணும்னு நீதான சொல்லுவ? நம்ம கம்ப்யூட்டர்ல பிடிச்சு அனுப்பு. கேசட்டுன்னா தபால்ல வாரதுக்குள்ள பிள்ளை பொறந்துரும். ஊர்ப் பொம்பளைய எல்லாரும் குலுக்கட்டும். ஆனா உன் கையும் குலுக்கணும்."

பேச்சை மாற்றி, மழை பெய்கிறதா என்று கேட்டு வைத்தேன். அவர் போனதிலிருந்து என் கையில் கண்ணாடி வளையல் ஏறியதில்லை. அது அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்கிறாள்.

வாங்க வேண்டியது: வளையல் பச்சை, சிவப்பு. வேப்பிலை. சந்தனம். கம்ப்யூட்டருக்கு மைக்கு ஒன்று.

ஐப்பசி 5, வெள்ளி

ஐந்து பேர் வந்தார்கள். புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம். உப்பு சரியாக இருந்தது, எல்லோரும் சொன்னார்கள்.

கம்ப்யூட்டர் மகன் வாங்கியது, ஊர்க்காரர்களுக்குக் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்க. அவன் மில்லுக்குப் போன நேரத்தில் மருமகள் பத்மாதான் ஓட்டுவாள். படித்த பிள்ளை. சத்தம் பிடிக்கிற சிவப்புப் புள்ளியை அமுக்கிவிட்டு, "ம், குலுக்குங்க" என்றாள். நான் அடுக்களை நிலையைத் தாண்டவில்லை.

பக்கத்து வீட்டு ராஜம்மா: "பிள்ளத்தாச்சியே இல்லாம யாரு கைய பாத்துக் குலுக்க?"

"அந்தப் பெட்டியப் பாத்துக் குலுக்கு" என்றாள் இன்னொருத்தி.

"அதுக்கு எத்தனாம் மாசம்?"

ஒரே சிரிப்பு. பிறகு யார் முதலில் குலுக்குவது என்று பேச்சு. பிறகு நன்றாகவே குலுக்கினார்கள். எனக்கே உடம்பு சிலிர்த்தது. வளையலைப் போட்டுக்கொண்டு எல்லோரும் போன பின் ஓட்டிப் பார்த்தால் ராஜம்மா பேச்சும் சிரிப்பும்தான். வளையல் தொடங்குமுன் நின்றுவிட்டது. பத்மா முகம் சுண்டிவிட்டது.

"இதுல ஒரு நிமிசம்தான் பிடிக்குமாம் அத்தை. எனக்குத் தெரியாமப் போச்சு."

மறுபடி கூப்பிட முடியுமா? ஒரு சடங்கை இரண்டு தடவை செய்வதா என்பார்கள்.

ஐப்பசி 6, சனி

பத்மா ஸ்ரீவில்லிபுத்தூர் போய், தான் படித்த கம்ப்யூட்டர் சென்டரில் வேறு சாப்ட்வேர் சி.டி. இரவல் வாங்கி வந்தாள். நீளமாகப் பிடிக்குமாம், வெட்டலாம், ஒட்டலாம். எனக்குப் பால்கோவா. மத்தியானம் கரண்ட் இல்லை. உளுந்து ஊறப் போட்டது ஆட்ட முடியாமல் கிடந்தது.

செல்வி பிறந்ததும் இதே மாதிரி மழையில்தான்.

ஐப்பசி 8, திங்கள்

புது சாப்ட்வேர் ஏறிவிட்டது. பத்மா தன் வளையலையே குலுக்கிப் பிடித்துப் பார்த்தாள். கூடவே ஙொய்ங் என்று வண்டு மாதிரி ஒரு சத்தம். இரைச்சலை எடுக்க ஒரு பட்டன் உண்டாம். அமுக்கினாள். வண்டும் போயிற்று, வளையலும் போயிற்று. கிணற்றுக்குள் யாரோ சில்லறையைக் கொட்டியது போல் இருந்தது.

ஃபேனை நிறுத்தினோம். பிரிட்ஜை நிறுத்தினோம். வண்டு போகவில்லை. கடைசியில் மைக்கு வயர் ஸ்டெபிலைசர் மேல் கிடப்பதைப் பத்மா பார்த்தாள். எடுத்து ஜன்னல் பக்கமாக விட்டாள். சுத்தமாக நின்றுவிட்டது. கிண் கிண் என்று வளையல் மட்டும்.

"சரி, இதையே அனுப்பு."

"அனுப்பலாம். மதினி கேட்டது என் கையவா அத்தை?"

எழுந்து போய்விட்டேன். தோசை தீய்ந்தது.

ஐப்பசி 9, செவ்வாய்

பத்மாவோடு பேச்சில்லை. அவளும் கேட்கவில்லை. பூஜை அலமாரி துடைத்தேன். பேத்திக்குச் சளி, கசாயம்.

என்னை யாரும் ஒரு சொல் சொல்லும்படி இதுவரை நான் வைத்ததில்லை. கல்யாண வீட்டில் தாம்பாளம் நீளுமுன் நானே பின்னால் நகர்ந்துவிடுவேன், நீ நகரு என்று ஒருத்தி சொல்லக் கூடாது. அப்படியே பழகிவிட்டது. செல்வி கல்யாணத்திலும் பின்னால்தான் நின்றேன். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

ஐப்பசி 10, புதன்

காலையில் நானே போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். "கதவச் சாத்து" என்றேன். பத்மா மிச்ச வளையலை எடுத்து வந்தாள்.

கை காய்த்துப் போய்க் கிடக்கிறது, வளையல் ஏறவில்லை. சோப்புப் போட்டு ஏற்றினாள். ஒன்று பட்டென்று உடைந்தது. சிவப்புப் புள்ளி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததாம்.

வாசலில் ராஜம்மா: "ஏட்டி பத்மா, பகல்ல எதுக்குக் கதவு?"

"அத்தைக்குத் தலவலி!"

கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் இருந்தேன். அவள் செருப்புச் சத்தம் போன பிறகு குலுக்கினேன். முதலில் மெதுவாக. பிறகு செல்வி எதிரில் மணையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு.

பத்மா திரையில் காட்டினாள். சத்தம் எல்லாம் மலை மலையாக. "இந்தா நிக்குதே ஒத்த மலை, அதான் ஒடைஞ்சது. வெட்டிரவா?"

"வெட்டு. பிள்ளைக்கு அது கேக்கக் கூடாது."

வெட்டிய இடம் தெரியவே இல்லை. கழற்ற மனமில்லாமல் செத்த நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஐப்பசி 11, வியாழன்

மழை விட்டது. பத்மாவோடு ஸ்ரீவி. பஸ்ஸில். ஃபிளாப்பியில் அரை நிமிஷம்தான் கொள்ளுமாம், அந்த அளவுக்கு வெட்டிக் கொண்டுபோனோம். பிரவுசிங் சென்டரில் ஒரு நீலக் கோடு எறும்பு மாதிரி ஊர்ந்தது. பாதியில் லைன் அறுந்து மறுபடி முதலிலிருந்து. போய்விட்டது என்றார்கள். எங்கே போனது, எப்படிப் போனது, கேட்டுக்கொள்ளவில்லை.

கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

ஐப்பசி 12, வெள்ளி

காபி ஆற்றும்போது போன். செல்வி.

"எம்மா, வந்துச்சு. ஸ்பீக்கர வயித்துக்கிட்ட வச்சுக் கேட்டேன். நல்லாக் கேக்குது. யாரும்மா குலுக்குனது? ராஜம்மா அத்தையா?"

"நான்தான்."

லைனில் சத்தமே இல்லை. கட்டாகிவிட்டதோ என்று, "ஏட்டி, இருக்கியா?" என்றேன்.

இருந்தாள்.