யாரும் உள்ளே பார்க்காத ஜன்னல்

லைடன்,
புதன்கிழமை காலை

அன்புள்ள லோப்கே,

நீயும் வயிற்றுக் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்தபடியே எழுத உட்கார்ந்தேன். எட்டாம் மாதத்தில் விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு நீ கனடாவிலேயே இருந்துவிட்டது சரிதான். அதற்காக அழாதே. நேற்று உன் அப்பாவின் அடக்கம் நல்லபடியாக முடிந்தது. முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள்.

போனில் நான் சொன்னது செய்தி மட்டும். எனக்குப் போனில் பேச வராது என்று உனக்குத் தெரியும். நீ என்னை டெல்ஃப்ட்டுக்கு அனுப்பிய அந்த வியாழக்கிழமையை இப்போது முழுதாக எழுதுகிறேன். என் பையனின் புகைப்படத்தை அப்பா கையில் கொடு, அப்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று எழுது என்றாய். நீ கனடாவுக்குப் போனதிலிருந்து இருக்கும் ஆறு வருடக் கோபம் போய்விட்டதா என்பதை அந்த முகம் சொல்லிவிடும் என்றாய். அதற்கான பதிலும் இதில்தான் இருக்கிறது.

நீ அனுப்பியதாகச் சொல்ல வேண்டாம் என்றாயே, அதனால் முந்தின சனிக்கிழமையே அவருக்கு அட்டை எழுதினேன். ஒரு நாள் ஊர் சுற்றிப் பார்க்க வருகிறேன், நான்கு மணிக்குக் காபிக்கு வரலாமா என்று. பதில் வரவில்லை. வேண்டாம் என்றால் எழுதியிருப்பார் என்று எடுத்துக்கொண்டேன். பத்து மணிக்கு ரயிலை விட்டு இறங்கியாயிற்று. சொன்ன நேரத்துக்கு முன்னால் போய் ஒருவர் வீட்டு மணியை அடிக்க முடியுமா? ஆறு மணி நேரம் சுற்றத்தான் வேண்டும்.

பாலத்தைத் தாண்டியதும் உங்கள் கால்வாய். இந்த வருடம் பச்சைப்பாசி கரைக்குக் கரை மூடிக் கிடக்கிறது, தண்ணீர் என்று ஒன்று கண்ணில் படவே இல்லை. அதன்மேல் ஒரு வாத்து புல்தரையில் நடப்பதுபோல் போனது. உங்கள் வீட்டு ஜன்னல் திரை எப்போதும்போல் திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது.

நான் நேராகப் பார்க்கவில்லை. ஏன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். கல்லூரி முதல் வருடத்தில் உங்கள் வீட்டுக்கு வந்தபோது, புத்தக அலமாரியைக் கண்டு வாயைப் பிளந்து, வெளியிலிருந்து ஜன்னல் கண்ணாடியில் மூக்கு படுமளவு நின்றேன். மாட்டுத் தொழுவத்தைப் பார்த்த ஜன்னலோடு வளர்ந்தவளுக்கு என்ன தெரியும்? உன் அப்பா வெளியே வந்து, "என்ன பொண்ணே, மியூசியம்னு நெனச்சியா? டிக்கெட் எடுத்தியா?" என்றார். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அவரும் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை நான் எந்த ஜன்னலுக்குள்ளும் பார்த்ததில்லை.

இந்த வியாழக்கிழமையும் ஓரக்கண்ணால்தான் பார்த்தேன். நாற்காலியில் பழுப்பு ஸ்வெட்டர். ஒரு கை உயர்ந்தது. நானும் கை உயர்த்திவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

சந்தை நாள். சதுக்கத்தில் நல்ல கூட்டம். வாழ்த்து அட்டை ஒன்று வாங்கினேன், சாய்ந்த கோபுரத்தின் கீழ் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். பிறகு ஹெர்ரிங் மீன் விற்கும் வண்டிக்குப் போனேன். நான் மீனைத் துண்டு துண்டாக வெட்டித் தரச் சொன்னதும் வண்டிக்காரர், "ஏம்மா, ஆம்ஸ்டர்டாம்காரியா நீ? வாலப் புடிச்சு வாய்க்குள்ள விடத் தெரியாதா?" என்று வம்புக்கு இழுத்தார். யாரைப் பார்க்க வந்தாய் என்று கேட்டார். சொன்னேன். "ஹூக்லாண்ட் ஐயாவா? வியாழக்கிழமைன்னா ரெண்டு மீன் வாங்காம இருக்க மாட்டாரே, இன்னிக்கு ஆளக் காணோம். ஆனா காலைல வண்டியத் தள்ளிக்கிட்டு வரப்போ கையக் காட்டினாரு. பசிக்கலபோல" என்றார்.

ஒன்றரை மணிக்கு மறுபடியும் உங்கள் தெரு வழியாக வந்தேன். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. அந்த வெயிலிலும் விளக்கு எரிந்தது. பக்கத்து வீட்டு டோனி பிராம் அம்மா வாளியும் கையுமாக ஜன்னல் கழுவிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டு, "படிச்ச பொண்ணு வந்துட்டா! இன்னும் அதே கோட்டா?" என்றார். உன் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "அவருக்கென்ன? நாலு நாளா எடத்த விட்டு அசையல, அப்படியொரு சோம்பல். ஆனா மரியாதைக்காரரு. எப்ப இந்தப் பக்கம் போனாலும் கையத் தூக்கிடுவாரு" என்றார். சொல்லும்போது அவரும் உங்கள் ஜன்னலைப் பார்க்கவில்லை. வாளியைப் பார்த்துத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு எனக்கு ஊர் ஊராகத் தெரியவில்லை, லோப்கே. கால்வாய்க் கரையெல்லாம் திறந்த ஜன்னல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு, ஒரு பூச்சாடி, ஒரு நாற்காலி, நாற்காலியில் ஒருவர். தெருவில் போகிற யாரும் தலையைத் திருப்பவில்லை. சிலர் கை மட்டும் அசைத்துவிட்டுப் போனார்கள். உள்ளே இருப்பவர்களில் எத்தனை பேர் பதிலுக்குக் கை அசைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நானும் பார்க்கவில்லையே.

நான்கு மணிக்கு மணி அடித்தேன். ஐந்து நிமிடம் நின்றுவிட்டு மறுபடி அடித்தேன். உள்ளே காலடி இல்லை. இடப்பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தால் ஜன்னல். அந்த ஒரு அடி எனக்கு வரவில்லை. டிக்கெட் எடுத்தியா என்று காதுக்குள் கேட்டது.

அப்போதுதான் ஜன்னல் சட்டத்தில் வெளிப்புறமாக மாட்டியிருக்கும் அந்தச் சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி நினைவுக்கு வந்தது. உன் பாட்டி காலத்திலிருந்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே தெருவைப் பார்க்க வைத்திருந்தது. ஜன்னலுக்குள் பார்ப்பதுதானே தப்பு, கண்ணாடியைப் பார்ப்பது தப்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பாலத்துப் பக்கமாகப் பின்வாங்கித் தலையை நிமிர்த்தினேன். அதில் உன் அப்பாவின் முகம் இருந்தது. கண்கள் திறந்திருந்தன. என்னையே பார்த்தன. நான் நகர்ந்தேன். கண்கள் நகரவில்லை.

டோனி அம்மாவிடம் சாவி இருந்தது. கதவைத் தள்ளினால், கீழே விழுந்து கிடந்த தபால்கள் தடுத்தன. மேலாக என் அட்டை. டாக்டர் வந்து பார்த்து, ஞாயிற்றுக்கிழமையே போயிருக்கிறார், இதயம் சட்டென்று நின்றிருக்கிறது, வலி தெரிந்திருக்காது என்றார். இரண்டு கைகளும் மடியில், மடித்த செய்தித்தாளின் மேல் இருந்தன.

டோனி அம்மா சமையலறையில் உட்கார்ந்து அழுதுவிட்டு, "தண்ணி வெளிச்சம் ஜன்னல் கண்ணாடில ஆடும்மா. அதத்தான் எல்லாரும் கைன்னு நெனச்சுட்டோம்" என்றார். நான் ஆமாம் என்றேன். வெளியே கால்வாய் கரைக்குக் கரை பாசி மூடிக் கிடந்தது. அதில் ஒரு துளி வெளிச்சம்கூட ஆடவில்லை.

காலையில் நான் ஒரு கையைப் பார்த்தேன் லோப்கே. அதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை. அப்போதே முகத்தைத் திருப்பிப் பார்த்திருந்தாலும் அவர் பிழைத்திருக்கப் போவதில்லை. அது புரிகிறது. ஆனாலும் இன்னும் ஆறு மணி நேரம் அவரைத் தனியாக உட்கார வைத்துவிட்டு நான் மீன் தின்றேன். என்னை மன்னித்துவிடு.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். அந்தக் கண்ணாடி முன்பு சந்தைப் பக்கம் பார்த்து இருந்தது உனக்கு நினைவிருக்குமே. இப்போது அது பாலத்தைப் பார்த்து இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து வருகிறவர்கள் முதலில் தென்படும் இடம். நீ கனடாவுக்குக் கிளம்பிப் போன அதே வாரம் அவர் ஏணி போட்டு ஏறித் திருப்பினார் என்று டோனி அம்மா சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, "சந்தைல என்ன இருக்கு, காலிஃப்ளவர்தான" என்றாராம். நான் கண்ணாடியில் கண்டது அந்தப் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த முகம். அதில் கோபம் இல்லை. கொஞ்சம் பொறுமை இழந்த முகம், அவ்வளவுதான். நாம் ரயிலைத் தவறவிட்டுத் தாமதமாக வரும் நாட்களில் கதவைத் திறப்பாரே, அந்த முகம்.

பெட்டியை மூடும் முன் படத்தை அவர் கையில் வைத்தேன். பின்பக்கம் நீ எழுதியிருந்த 'வெசெல், ஐந்து வயது' என்பது மேலே தெரியும்படி வைத்தேன். தன் பெயர்தான் பேரனுக்கும் என்பது அவருக்குத் தெரிய வேண்டாமா?

அடக்கத்தன்று தெரு முழுவதும் திரைகளை மூடியிருந்தார்கள். உங்கள் வீட்டுத் திரையையும் மூடியிருந்தார்கள். எல்லோரும் போன பிறகு அதை நான் திறந்துவிட்டேன். சாவி என்னிடம் இருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டேன். நாற்காலியை நகர்த்தவில்லை.

உனக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும். குழந்தை கொஞ்சம் தேறியதும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வா. பாலத்திலிருந்து மெதுவாக நடந்து வா, கண்ணாடிக்கு நேராக. ஜன்னலுக்கு முன்னால் நின்று, வெட்கப்படாமல், நேராக உள்ளே பார். சின்ன வெசெலைக் கை அசைக்கச் சொல். உள்ளேயிருந்து பதில் வந்ததாக அவன் சொன்னால், அவனைத் திட்டாதே.

உன் வருகையை எதிர்பார்க்கும்,
யிக்கே