இடக்காலில் ஓடும் சூடு

ஜூன் 3, செவ்வாய்

கிருலப்பனையில் மோதுண்ட வேன் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். பம்பருக்குக் கீழே குனிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, இடக்காலில் முழங்காலுக்குக் கீழே யாரோ இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றியது போல இருந்தது. ரேடியேட்டர் ஒழுகுகிறது என்று துள்ளி எழுந்தேன். காற்சட்டை காய்ந்து கிடந்தது. தொட்டுப் பார்த்தால் தோல் குளிர். வேன்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். காப்புறுதிக் கம்பனிக்காக முப்பது வருடமாக வாகனச் சேதம் பார்க்கிறேன். இல்லாத சேதத்தைக் காட்டுவது வழக்கமாக எதிர்ப்பக்கத்து ஆட்கள்தான்.

ஜூன் 6, வெள்ளி

இன்றைக்கு மூன்று தடவை. பஸ்ஸில், மேசையில், குளிக்கும்போது. பத்து விநாடி இருக்கும், பிறகு போய்விடுகிறது. நோவு இல்லை. நோவு இருந்தால் பயம் குறைவாக இருக்கும்.

ஜூன் 9, திங்கள்

பக்கத்து மேசை அலவியிடம் மட்டும் சொன்னேன். இருபது வருடப் பழக்கம். "போனை அந்தப் பக்கத்துப் பொக்கெட்லதானே போடுற? அதான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இல்லாட்டி சுகர். எங்கட மாமாக்கும் இப்படித்தான் தொடங்கின" என்றார். மாமாவின் கால் பிறகு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை.

போனைச் சட்டைப் பைக்கு மாற்றினேன். சூடு மாறவில்லை. மத்தியானம் கூகிளில் தேடினேன். நரம்பு நசுங்கல், இரத்தக் கட்டி, நீரிழிவு, முள்ளந்தண்டு, மூளை. வாசிக்க வாசிக்க எல்லாம் எனக்கென்றே எழுதியது போல இருந்தது. மூடி வைத்துவிட்டேன்.

ஜூன் 14, சனி

சுபோதினிக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. காலைத் தடவித் தடவி இருந்ததைக் கண்டுவிட்டாள். "கோவம் தலையில இருந்து காலுக்கு இறங்கீற்றுதோ?" என்று சிரித்தாள். முப்பத்து மூன்று வருடம் என் கோபத்தோடு குடித்தனம் நடத்தியவள், அந்தப் பகிடிக்கு உரிமை உண்டு. சிரித்தாலும் உடனே பாமன்கடைக்கு, ஜவாத் டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். சீனி இல்லை. நாளத்தை ஸ்கான் செய்தார்கள், கட்டியும் இல்லை. "அப்ப என்ன டொக்டர்?" என்றேன். "அதத்தான் பாக்கணும்" என்றார். எனக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை.

ஜூன் 21, சனி



காலி வீதியில் மரக்கறி வாங்கிக்கொண்டு வந்தேன். பின்னால் ஒரு பெண் ஓடிவந்து, "அங்கிள், செரெப்புவ வெட்டுணா" என்றாள். செருப்பு விழுந்துவிட்டது என்று சிங்களத்தில். குனிந்து பார்த்தேன். இடக்காலில் செருப்பு இல்லை. அது பழக்கடைக்கு முன்னால், இருபது அடி பின்னால் கிடக்கிறது. பகல் பன்னிரண்டு மணி வெயில், கொதிக்கிற சீமெந்து, வெறுங்கால் — எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

இல்லாத சூடு தெரிகிறது. இருக்கிற சூடு தெரியவில்லை. இது என்ன கால்? ஆருடைய கால்?

ஜூன் 27, வெள்ளி

நரம்பு டொக்டர். சிங்களப் பெண், நாற்பது வயதிருக்கும், ஆங்கிலத்திலேயே பேசினார். இசைக்கவை ஒன்றைத் தட்டிப் பெருவிரலில் வைத்து, அதிர்வு நின்றதும் சொல்லச் சொன்னார். அவர் வைப்பார் என்று காத்திருந்தேன். வைத்தாயிற்றாம்.

பிறகு கால் இரண்டையும் சேர்த்து நின்று கண்ணை மூடச் சொன்னார். இதென்ன சின்னப்பிள்ளை விளையாட்டு என்று மூடினேன். அடுத்த கணம் தாதியின் தோளில் கிடக்கிறேன். விழுந்ததே தெரியாது. சுபோவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரத்தம் எடுத்திருக்கிறார்கள்.

படுக்கையில் விழுந்துவிடுவேனா? அவளுக்கு நான் தூக்கிக் கழுவுகிற பாரமாகி விடுவேனா? இது ஒன்றுதான் ஓடுகிறது.

ஜூலை 2, புதன்

பி-12. ஒரு விற்றமின். கணக்கிலேயே இல்லாத அளவுக்குக் குறைவாம். அதில்லாமல் நரம்பின் உறை உரிந்து போகிறதாம். மீன், இறைச்சி, முட்டை, பால் — இவற்றில்தான் அது இருக்கிறது. "இதில் எதைச் சாப்பிடுகிறீர்கள்?" என்றார் நரம்பு டொக்டர். ஒன்றுமில்லை. எத்தனை வருடம்? எட்டு.

சுபோ முந்திக்கொண்டாள். "இவருக்குக் கொலஸ்ட்ரோல் டொக்டர். அதாலதான் எல்லாம் விட்டவர்." டொக்டர் என் கோப்பைப் புரட்டினார். அலுவலகத்தில் வருடா வருடம் எடுத்த அறிக்கைகள் எல்லாம் அதில். ஒரு வருடம்கூடக் கொலஸ்ட்ரோல் கூடி இருந்ததில்லை என்றார். சுபோ என் பக்கம் திரும்பினாள்.

டொக்டர் சொன்னதில் ஒன்று மட்டும் காதிலேயே நிற்கிறது: ஈரலில் சேமிப்பு உண்டு, நாலைந்து வருடம் அதை வைத்து உடம்பு ஓட்டியிருக்கும், கடைசி இரண்டு மூன்று வருடத்தில்தான் இந்தச் சேதம் நடந்திருக்கிறது. ஊசி போடலாம். முழுதாகத் திரும்பும் என்று உறுதி தர முடியாது.

ஓட்டோவில் சொன்னேன். சொல்லாமல் எப்படி? 2017இல் லண்டனில் மகன் பிரியந்தனின் அகதி வழக்கை நிராகரித்த அன்று, பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலில் நின்று நேர்த்தி வைத்தேன். மகனுக்கு விசா கிடைக்கும் வரைக்கும் மீன், இறைச்சி, முட்டை என்று மச்சம் எதுவும் தொடேன். பால் தேத்தண்ணி என்றால் எனக்கு உயிர், அதையும் தொடேன். வெளியில் சொன்னால் பலிக்காது என்பார்கள். அதோடு, கோயில் குளம் என்று திரிகிற ஆட்களை நையாண்டி பண்ணுகிற வாய் என்னுடையது. எந்த முகத்தோடு சொல்வது? கொலஸ்ட்ரோல் என்று சொல்லிவிட்டேன்.

சுபோ வீடு வரும் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கோபம் என்று நினைத்தேன்.

ஜூலை 3, வியாழன்

கோபம் இல்லை அது.

காலமை அரிசி களைஞ்சுகொண்டு நிண்டவள், திரும்பாமலே சொன்னாள்: "பிரியந்தனுக்கு விசா கிடைச்சு மூண்டு வருசம்."

விளங்கேல்லை எனக்கு. திருப்பிக் கேட்டன். திருப்பியும் அதையே சொன்னாள். மூண்டு வருசம்! நான் இஞ்சை வெறுந்தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு, ஒவ்வொரு வெள்ளியும் கோயில் வாசலிலை கை கூப்பிக்கொண்டு — ஆருக்கு? என்னத்துக்கு?

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. விசா கலியாணத்தால் கிடைத்ததாம். தாரிகா. அந்தப் பெயர் எனக்குத் தெரியும். விவாகரத்தான பிள்ளை, அங்கத்தைய சிற்றிசன். ஐந்து வருடத்துக்கு முன்பு அவன் அவளைப் பற்றி வாய் திறந்தபோது, "அவளைக் கட்டினால் எனக்குப் பிள்ளை இல்லை" என்று போனில் கத்தியவன் நான்தான். "விசா கிடைச்சதெண்டு சொன்னால் எப்பிடிக் கிடைச்சதெண்டு கேப்பியள்" என்றாள் சுபோ. "நான் எதைச் சொல்ல?"

இன்னும் இருக்கு. ஒரு பெண் குழந்தையாம். இரண்டு வயதாம்.

அடுத்தவன் பொய்யைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது எனக்குத்தான் சொன்னது.

ஜூலை 4, வெள்ளி

இன்று நான் முதலில் சாப்பிட்டு எழும்பினேன், அவள் பிறகு சாப்பிட்டாள். ஊசி மட்டும் போட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள். தட்டினேன். "சொல்லியிருந்தால் உங்கட கால் தப்பியிருக்கும். நான்தான் பழுதாக்கினது" என்கிறாள். டொக்டர் சொன்ன அந்த இரண்டு மூன்று வருடம் அவள் காதிலும் நிற்கிறது.

நான் கத்தாத ஆளாக இருந்திருந்தால் அவள் சொல்லியிருப்பாள். அவள் சொல்லியிருந்தால் நான் நேர்த்தியை முடித்திருப்பேன். நான் நேர்த்தியைச் சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கே என் வாயில் முட்டையைத் திணித்திருப்பாள். எந்த வழியால் சுற்றி வந்தாலும் என்னிடம்தான் வந்து நிற்கிறது. அதை அவளிடம் சொன்னேன். நம்பவில்லை. இனிமேல் இந்த வீட்டில் ஒளிப்பு மறைப்பு இல்லை என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டோம்.

மத்தியானம் ஒரு முட்டை அவித்துத் தந்தாள். எட்டு வருடத்துக்குப் பிறகு. வாய்க்குள் வைத்ததும் குமட்டியது. அவள் பார்த்துக்கொண்டு நின்றாள், விழுங்கினேன்.

ஜூலை 13, ஞாயிறு

பிரியந்தனோடு கதைத்தேன். திட்ட வேண்டியதை எல்லாம் காலையிலிருந்து மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். முகம் திரையில் வந்ததும் அவன் தலையைத்தான் பார்த்தேன். முன் தலைமயிர் கொட்டிப் போயிருக்கிறது. வழக்கமாகச் சுபோதான் பிடித்துக் கதைப்பாள், நான் பின்னால் இருந்து இரண்டு சொல் சொல்லிவிட்டு எழும்பிவிடுவேன். இத்தனை நாளும் அவனைச் சரியாகப் பார்க்கவே இல்லைப் போல.

"ஏனப்பா நேர்த்தியை எனக்குச் சொல்லேல்லை?" என்றான்.

"நீ?" என்றேன்.

அவனுக்குப் பின்னால் ஒரு பெண் குரல், "அப்பாவுக்கு மண்டையில அடிக்கிற வெயில் நேரம் அங்க, கனநேரம் வச்சிருக்காதைங்கோ" என்றது. நல்ல யாழ்ப்பாணத் தமிழ். அந்தப் பிள்ளையை என்னவென்று கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. "குழந்தையைக் காட்டு, பிள்ளை" என்றேன். காட்டினாள்.

ஜூலை 25, வெள்ளி

எட்டாவது ஊசி. கண்ணை மூடி நின்றேன். ஆடினேன், விழவில்லை. டொக்டருக்குச் சந்தோஷம். சூடு அப்படியே இருக்கிறது, சில நாள் இன்னும் கூடுதல். நரம்பு திரும்பும்போதும் அப்படி இருக்குமாம், திரும்பாவிட்டாலும் அப்படி இருக்குமாம். ஒரு வருடம் பொறுத்துத்தான் சொல்லலாமாம். சுபோ வெளியில் இருந்ததால் இதைக் கேட்கவில்லை. வந்ததும் ஒப்புவித்துவிட்டேன், ஒளிப்பு மறைப்பு இல்லைத்தானே. கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பாரை மீன் குழம்பு. இப்போது குமட்டுவதில்லை. நடுத்துண்டு இரண்டு என் சோற்றுக் கோப்பையில். சுபோ எதிரே இருந்து சாப்பிட்டாள். அவள் கோப்பையில் பருப்பு, கத்தரிக்காய், கீரை.

"நீர் மீன் போடேல்லையே?"

"பிறகு."

போன ஞாயிறும் பிறகுதான். காலையில் எனக்குப் பால் தேத்தண்ணி கொண்டுவந்து தருகிறாள்; தன் கப்பில் பால் இல்லாத வெறும் சாயம். எத்தனை நாளாக இது நடக்கிறது? 

"சுபோ, என்ர காலுக்கு நேர்த்தியோ? எப்ப துவக்கம்?"

"கேக்காதேங்கோ" என்றாள். "சொல்லக்கூடாது."

அறுபதை எட்டுகிற மனுசி. அவளுடைய ஈரலில் எத்தனை வருடத்துச் சேமிப்பு இருக்கும்?

கை கழுவாமலே எழும்பினேன். விறாந்தைக் கதவு வரைக்கும் நடந்து திரும்பி வந்தேன், எதையும் பிடிக்காமல். "பாரும். காலமை துவக்கம் சூடும் இல்லை, விறைப்பும் இல்லை. எல்லாம் மாறீற்றுது. நீர் பதறுவீர் எண்டுதான் பின்னேரம் சொல்லுவம் எண்டு இருந்தனான்."

நெடுநேரம் என் முகத்தையே பார்த்தாள்.

"சத்தியமா?"

"சத்தியமா."

கண்ணை மூடிக் கும்பிட்டாள். பிறகு சட்டியை இழுத்து ஒரு துண்டு மீன் எடுத்துத் தன் கோப்பையில் வைத்தாள். அழுதுகொண்டே முள் எடுத்துச் சாப்பிட்டாள். மேசைக்குக் கீழே, முழங்காலில் இருந்து கணுக்கால் வரைக்கும் சூடு இறங்கிக்கொண்டிருந்தது. நான் இன்னொரு அகப்பை சோறு கேட்டேன்.