கைப்பிடி மட்டும்தான் என் வேலை

இன்று காலை கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்து கிடந்தது. மணமேல்குடியிலிருந்து யாரோ ஒருவர் அனுப்பியது. சின்ன வயதில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிப்போனவராம். புதிதாகக் கார் வாங்கியிருக்கிறார். காரின் உள்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி, "க்ளட்ச்சைக் கையால பிடிக்கிற மாதிரி மாத்தினா எப்படி இருக்கும்னு போட்டுக் காட்டுங்க சார்" என்று கேட்டிருந்தார். படத்தில் ஸ்டியரிங் இருந்தது, கியர் இருந்தது, டேஷ்போர்டில் சின்னதாக ஒரு பிள்ளையார் இருந்தார். டிரைவர் சீட் காலியாக இருந்தது. "நீங்க அந்த சீட்டுல உட்கார்ந்து இன்னொரு படம் எடுத்து அனுப்புங்க" என்று பதில் போட்டேன். போட்ட பிறகுதான் தெரிந்தது, அது உன் பேச்சு.

உனக்கு மடல் எழுதுகிற பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. நீ இருந்தபோதே நமக்குள் போன் பேச்சுதான், அதிலும் பாதி திட்டு. ஆனால் அந்த மனிதரின் அடுத்த படம் வருகிற வரைக்கும் வேறு வேலையில் கை ஓடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கீரனூரில் நான் இந்த ஸ்டுடியோவை வைத்த புதிதில் கல்யாண ஆல்பம்தான் சோறு போட்டது. கார்க்காரர்கள் பிறகுதான் வந்தார்கள். வண்டியைப் படம் எடுத்து வந்தால், அலாய் வீல் போட்டால் எப்படி இருக்கும், கூரைக்குக் கறுப்பு ஒட்டினால் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் மாற்றிக் காட்டுவேன். பணத்தைப் போடும் முன் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். நீ திருச்சி ஏர்போர்ட்டுக்கு வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தாய். சவாரி இல்லாத மத்தியானங்களில் என் ஏசிக்காக வந்து உட்காருவாய். வந்தவன் சும்மா உட்கார்ந்திருக்கலாம். மானிட்டரைப் பார்த்துக் குறை சொல்லாமல் உன்னால் இருக்க முடியாது.

குளத்தூர் வாத்தியார் ஒருவர் தன் வெள்ளைக் காரைச் சிவப்பாகப் பார்க்க ஆசைப்பட்டது ஞாபகம் இருக்கிறதா? ராத்திரி பகலாக உட்கார்ந்து பளபளவென்று செய்து வைத்திருந்தேன். நீ எட்டிப் பார்த்தாய்.

"ஏன்டா, இது யார் வண்டி?"

"வாத்தியார் வண்டிதான்."

"அவரு வண்டிக் கதவுல மாடு முட்டின டொக்கு இருக்குமே. எங்க அது?"

"அதை எடுத்துட்டேன். பார்க்க நல்லா இருக்காதுல்ல."

"அப்ப இது ஷோரூம் வண்டிடா. அவரு வண்டி இல்ல. டொக்கைத் திருப்பி வை, அப்பத்தான் அவருக்குத் தன் வண்டின்னு தோணும்."

எனக்குச் சுள்ளென்று வந்தது. கார் ஓட்டுகிறவனுக்கு என் வேலையைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டே டொக்கைத் திருப்பி வைத்தேன். வாத்தியார் வந்தார், பார்த்தார், கதவின் மேல் விரலை வைத்துச் சிரித்தார். சிவப்பில் தன் வண்டி நன்றாக இல்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டு வெள்ளையோடு போனார். ஒரு பெயிண்ட் செலவு மிச்சம் என்று நீ சந்தோஷப்பட்டாய். உன்னால் நாலு ஒர்க்‌ஷாப்காரர்கள் என்னிடம் ஆள் அனுப்புவதை நிறுத்தியதையும் சொல்லியாக வேண்டும்.

பிறகு உன் கால் போனது. சர்க்கரையை நீ என்றைக்கும் மதித்ததில்லை. டீக்கடையில் "கொஞ்சமா போடுங்க" என்பாய். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று மாஸ்டருக்குத் தெரியும். செருப்புக் கடித்த புண் ஆறாமல் பரவி, தஞ்சாவூரில் வைத்து இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எனக்கு முதலில் உன் மேல் கோபம்தான் வந்தது. இரக்கம் அப்புறம் வந்தது. இப்போதும் அதே வரிசைதான்.

அதற்குப் பின் ஒரு வருடம் உன் காரை வேறொருவர் ஓட்டினார். நீ பின்சீட்டில் உட்கார்ந்து போனாய். ஆஸ்பத்திரிக்கு, ஆவூர் மாதா கோயிலுக்கு, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு. ஒருநாள் கடை வாசலில் காரை நிறுத்தச் சொல்லி, கண்ணாடியை இறக்கி, என்னைக் கூப்பிட்டுச் சொன்னாய்: "பின்னாடி உட்கார்ந்து ஊரைப் பார்த்தா, நான் செத்து என்னைய எடுத்துக்கிட்டுப் போற மாதிரி இருக்குடா." டிரைவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து, டீ குடிக்கிறாயா என்று கேட்டு வைத்தேன்.

செயற்கைக் கால் போட்டு நடக்கப் பழகிவிட்டாய். ஆனால் பெடல் மேல் அந்தக் கால் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்பது உனக்குத் தெரியாது. கியருக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி வைத்துக்கொள்ளலாம், அதை அழுத்தினால் கீழே க்ளட்ச் அமுங்கும் என்று திருச்சியில் கேட்டு வந்தாய். பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் வலது காலுக்கு. எல்லாம் சரி, உன் வீட்டில் புஷ்பம் ஒத்துக்கொள்ளவில்லை. உன் மனைவி நர்ஸ். ரோட்டில் அடிபட்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள். "கால் போனது போதும்ண்ணே. மிச்சம் இருக்கிறதையாவது எனக்கு விட்டு வைக்கச் சொல்லுங்க" என்று என்னிடமே சொல்லி அழுதாள். அவள் சரி என்று சொல்லாமல் வண்டியில் கை வைக்க மாட்டேன் என்று நீ சொல்லிவிட்டாய். அவள் சொல்லாவிட்டால் கடைசி வரைக்கும் உனக்குப் பின்சீட்டுதான்.

கைப்பிடி பொருத்துகிற திருச்சி ஆள் வேறு வண்டிகளின் படங்களை அனுப்பினார். நீ அவற்றை அவளிடம் காட்டவேயில்லை. "வேற எவனோ வண்டியைக் காட்டினா அவ எவனுக்கோ நடந்ததுன்னு நெனச்சுக்குவா. என் வண்டியில போட்டுக் காட்டு" என்றாய்.

உன் காரின் உள்பக்கத்தைப் படம் எடுத்து, கைப்பிடியை ஒட்டி, நிழல் விழ வேண்டிய இடத்தில் நிழல் விட்டுச் சுத்தமாகச் செய்தேன். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாய்.

"வெறும் இரும்பைக் காட்டினா அவளுக்குப் பயம்தான்டா வரும். என்னைய உட்கார வை."

சரி என்று உன்னை உட்காரவைத்துக் கேமராவை எடுத்தேன். ஸ்டுடியோக்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கை கால் ஊனம் இருந்தால் படத்தில் தெரியாமல் பார்த்துக்கொள்வோம். யாரும் கேட்க மாட்டார்கள், நாங்களாகவே செய்வோம். அப்படித்தான் இடுப்புக்கு மேல் நிறுத்தினேன். நீ கையை நீட்டி லென்ஸைக் கீழே அழுத்தினாய்.

"கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கவா எடுக்கிற? அங்கிட்டுப் போ. அந்தப் பக்கக் கதவைத் தொறந்து நின்னு கீழ வரைக்கும் எடு. பெடல் இருக்கு, கால் இல்ல, கை இருக்கு. இது மூணும் ஒரே படத்துல தெரியணும். அவ நர்ஸுடா. அவகிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?"

செயற்கைக் காலைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டாய். பேண்டை மடித்துவிட்டுக்கொண்டாய். பெல்ட்டை இழுத்து மாட்டினாய். இடது கையைக் கியருக்குப் பக்கத்தில், ஒன்றும் இல்லாத இடத்தில், பிடித்திருப்பதுபோல் வைத்தாய். நான் எடுத்தேன்.

கைப்பிடியை உன் விரல்களுக்குள் நுழைப்பதற்கு ஒரு நாள் ஆனது. வேலை முடிந்ததும் புஷ்பம் டியூட்டி உடையோடு கடைக்கு வந்தாள். நீ வாசலிலேயே காரில் இருந்துகொண்டாய். உள்ளே வரப் பயம் என்று நான் நினைக்கிறேன். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு மானிட்டரைப் பார்த்தாள். கைப்பிடி எப்படி வேலை செய்யும், பிரேக் எந்தக் காலில் என்றெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் எதையும் காதில் வாங்கவில்லை. கீழே காலைப் பார்க்கிறாளோ என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தச் சிரிப்பு நீங்க வச்சதாண்ணே?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் நானும் பார்த்தேன். நிழலையும் விரல்களையும் கட்டிக்கொண்டு அழுததில் உன் முகத்தை நான் கவனிக்கவேயில்லை. நீ சிரித்துக்கொண்டிருந்தாய். பல் தெரியாமல், ரோட்டைப் பார்த்து.

"இல்லம்மா. கைப்பிடி மட்டும்தான் என் வேலை. மத்ததெல்லாம் அவன்தான்."

"ஆஸ்பத்திரியில இருந்து வந்த பெறகு இவரு இப்படி இருந்து நான் பார்க்கல" என்றாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "போடச் சொல்லுங்க."

வாடகை வண்டியைச் சொந்த வண்டியாக எழுதி, ஆர்டிஓ ஆபீஸுக்கு அலைந்து அனுமதி வாங்கி, கைப்பிடியைப் போட்டாய். அதற்குப் பிறகு உனக்கு இருந்த ஒரே சவாரி புஷ்பம்தான். டியூட்டிக்குக் கொண்டுபோய் விடுவாய், முடிந்ததும் போய்க் கூட்டிவருவாய். முதல் வாரம் அவள் ஜெபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம். பிறகு வண்டியிலேயே தூங்க ஆரம்பித்தாள். "என் டிரைவிங்குக்கு இதவிட நல்ல சர்டிபிகேட் எவன் தருவான்?" என்று என்னிடம் பீற்றிக்கொண்டாய்.

போன வருடம் மாரடைப்பில் போய்விட்டாய். துக்கம் கேட்க வந்தவர்கள் முதலில் கேட்டது, கார் ஓட்டும்போதா என்பதைத்தான். கேட்டவர்களுக்கெல்லாம் புஷ்பம் ஒரே பதில் சொன்னாள்: "வீட்ல. தூக்கத்துல." எனக்கு அந்தக் கேள்வி எரிச்சலாக இருந்தது. அவளுக்கு இல்லை போலிருக்கிறது. ஒரு சந்தேகத்தைத் தீர்த்து வைக்கிறவள்போலச் சொன்னாள்.

கண்ணீர் அஞ்சலி பேனருக்கு உன் படம் தேடினோம். கல்யாணத்தில் எடுத்தது ரொம்பப் பழசு, ஆதார் படத்தில் நீ திருடன்போல இருந்தாய். அந்தக் கார் படம்தான் தேறியது. முகத்தையும் நெஞ்சையும் வெட்டி எடுத்தேன். உன் மைத்துனர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "பெல்ட்டை அழிச்சிட்டு ஒரு கோட்டு மாட்டிவிடுங்க. பேனர்ல யாரு சீட் பெல்ட்டோட நிக்கிறாங்க?" என்றார். நியாயமான பேச்சுதான். கோட்டு மாட்டுவது எனக்குப் பெரிய வேலையும் இல்லை. ஆனாலும் புஷ்பத்திடம் போனில் கேட்டேன்.



"பின்சீட்டுல உட்கார்ந்திருந்த வரைக்கும் அவரு பெல்ட் போட்டதே இல்லண்ணே. அது இருக்கட்டும்."

அப்படியே விட்டேன். முப்பதாம் நாள் பூசை வரைக்கும் உங்கள் தெருமுனையில் நீ பெல்ட் போட்டுக்கொண்டு சிரித்தபடி நின்றாய். பேனரைக் கட்டியவன் இழுத்துக் கட்டவில்லை, காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கொஞ்சநேரம் வண்டியை நிறுத்தி நிற்பேன். எனக்குத் துக்கமாக இருந்தது, வேறு காரணம் ஒன்றும் இல்லை. ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஓர் அம்மா, உன்னை அறியாதவர், பேனரை நிமிர்ந்து பார்த்தார். உனக்குக் கால் போனது அவருக்குத் தெரிய வழியில்லை. ஒரு வருடம் பின்சீட்டில் போனதும் தெரியாது. என்னிடம் திரும்பி அவர் கேட்டதைத்தான் நான் இன்றுவரை உனக்காக வைத்திருக்கிறேன்.

"பாவம், டிரைவரா தம்பி?"

"ஆமாங்கம்மா" என்றேன்.