மாதாவின் ஞானப்பிள்ளை

மார்ச் 9, 1846. சால்வடோர், பிரேசில்.
கூடையில் இருந்த பயற்று வடை எல்லாம் விற்றுவிட்டது. வம்பு அதைவிட வேகமாக விற்றது. வீட்டில் கூடையை இறக்கியதும் எஜமானி டோனா உம்பெலினா சொன்னாள்: “ரூஃபினா, உன் மக டொமாசியாவுக்குப் பொறக்கிற புள்ளைய, பால் மறந்ததும் ரியோவுல இருக்கிற என் தங்கச்சி மகளுக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன்.” பூனைக்குட்டியைக் கொடுப்பது போல.

“சரிங்கம்மா” என்றேன். என் பையன்கள் இருவரையும் இவள் தெற்கே விற்றபோதும் அதையேதான் சொன்னேன். என் நாக்குக்குத் தெருவில் மட்டும்தான் வீரம்.

இந்த எழுத்துகூடத் திருட்டுதான். எஜமானி சிறுமியாகப் பாடம் படிக்கையில், பின்னால் நின்று விசிறி வீசியபடி கற்றது. கையெழுத்து என்னுடையதுதான் அழகு. தெரிந்தால் கை போய்விடும்.

ஏப்ரல் 2
பெண் குழந்தை. மூக்கு என்னுடையது, பாவம்.

ஏப்ரல் 4
ஞானஸ்நானத் தொட்டியருகே ஞானத்தகப்பன் பிள்ளையின் விலையை வைத்து, ‘பிள்ளைக்கு விடுதலை’ என்று கேட்கலாம். சொந்தக்காரர் தலையசைத்தால் பிள்ளை அடிமையில்லை. பல்லக்குத் தூக்கி கோஸ்மே தன் விடுதலையைத் தோளாலேயே சம்பாதித்தவன். ஞானத்தகப்பனாக நிற்பாயா என்று அவனைக் கேட்டேன்.

“காசு நான் வெக்கிறேன்க்கா. அந்தம்மா தலைய யாரு ஆட்டுறது?”

அதுதானே!

ஏப்ரல் 11
எந்தச் சீமாட்டியை ஞானத்தாயாகக் கூப்பிட்டாலும் விருந்து வைக்க வேண்டும். எஜமானிக்கு அது கசக்கிறது. “மாதாவே ஞானத்தாயா இருக்கட்டும். சொரூபத்தோட கிரீடத்த எடுத்துப் புள்ள தலையில வெச்சா ஆச்சு.” ஊரில் பலரும் செய்வதுதான். மாதா சாப்பாடு கேட்கமாட்டாள்.

எனக்குக் கரண்டி கை நழுவி விழுந்தது.

ஏப்ரல் 17
சீமாட்டிகள் வீட்டுப் படிதோறும் கூடையை இறக்கினேன். “ஞாயித்துக்கிழம கோவில்ல எங்கம்மா பெரிய புண்ணியம் செய்யப்போறாங்க. மாதாவோட ஞானப்புள்ளைய அடிமையா வெச்சிருப்பாங்களா? யாருகிட்டயும் சொல்லிடாதீங்க.” மதியத்துக்குள் துறைமுகம் வரை போய்விட்டது. எஜமானி காதுக்கும் போனால்? — முதுகுத் தோல் உரியும்.

டொமாசியா அழுகிறாள். “வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாம்மா?”

சும்மா இருந்துதாண்டி ரெண்டு புள்ளைய வாரிக் குடுத்தேன்.

ஏப்ரல் 19
கோவில் முழுக்கப் பட்டுப் பாவாடைகள். கிரீடம் பிள்ளை தலையில் ஏறியது. கோஸ்மே தொட்டி விளிம்பில் பையை வைத்தான். “விடுதலைக்கு, சாமி.”

எஜமானி முகம் சுருங்கியது. “இந்தப் புள்ளைய ஏற்கெனவே நான்...”

பக்கத்து வீட்டு டோனா ஜெர்ட்ரூடிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே குறுக்கே புகுந்தாள். “என்ன மனசு உம்பெலினா உனக்கு! மாதாவோட புள்ள அடிமையா இருக்கலாமா?”

பாதிரியார் காத்திருந்தார். நான் தரையைப் பார்த்தேன்.

எஜமானி தலையசைத்தாள். ஈ உட்கார்ந்தால் அசைப்போமே, அவ்வளவுதான். பாதிரியாருக்கு அது போதும்.

வீட்டுக்கு வந்ததும் அறைந்தாள், இரண்டு கன்னத்திலும். சிரிப்பை அடக்க அதுவும் உதவியது.

நவம்பர் 30
பிள்ளை இன்று எஜமானியின் கொண்டையைப் பிடித்து இழுத்துவிட்டது. டொமாசியா ஓடிவந்து பிள்ளையைப் பிடித்தாள். எஜமானி ஓங்கிய கையை அந்தரத்தில் நிறுத்தி, மெல்ல இறக்கினாள்.

“ஒங்க புள்ளதானடி? நீங்களே கண்டிச்சுக்கோங்க.”

கண்டித்தோம். அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தச் சின்னக் கைக்கு மாறி மாறி முத்தம் கொடுத்துக் கண்டித்தோம்.